டீ அக்கா எழுந்து போகாத ஞாயிறு

சபையில் யாரைக் கேட்டாலும் அவளுக்கு டீ அக்கா என்றுதான் பெயர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட ஒருவருக்கும் அவசியம் வந்ததில்லை. மற்ற ஆறு நாளும் அவள் ரோலர் அக்கா. ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் படுக்கை விரிப்பு துவைத்துக் கொடுக்கும் பெரிய சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. பிழிந்த விரிப்பு சூடான உருளைகளுக்கு நடுவே ஒரு பக்கம் ஈரமாக நுழைந்து மறுபக்கம் மொறமொறவென்று வெளியே வரும். வருகிற பக்கத்தில் இரண்டு பேர் நிற்க வேண்டும், ஆளுக்கு இரண்டு மூலை. இழுத்து, உதறி, மடித்து, எதிரே நடந்து மூலையைக் கொடுத்துவிட்டுத் திரும்புவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். ரோலர் ஓய்ந்தால்தான் கை ஓயும், ரோலரோ ஓய்வதில்லை. அந்தச் சூட்டில் அவளுடைய விரல் நுனிகள் எப்போதோ வெடித்து, ஆறி, மறுபடி வெடித்து, இப்போது எந்தச் சூடும் தெரியாத பதத்துக்கு வந்துவிட்டன.

எதிர்மூலையைப் பிடிப்பவளுக்கு ஒல்லி என்று பெயர். ஒரு காலத்தில் ஒல்லியாக இருந்திருப்பாள் போலிருக்கிறது. இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்து முடித்தவர்கள். ரோலர் சத்தத்தில் பேச முடியாது என்பதால் புருவத்தாலும் தாடையாலும் பேசிப் பழகியவர்கள். ஒருத்தி கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் மற்றவளுக்கு அது முன்னாலேயே தெரிந்துவிடும்.

ஞாயிறு என்பது அக்காவுக்கு அப்பா வழியில் வந்த சொத்து. வேறு சொத்து எதுவும் அந்த மனிதர் விட்டுப்போகவில்லை. அவர் கிடங்கு ஒன்றில் இராக் காவலாளி. சனி இரவு காவல் முடிந்து, குளித்து, அதே கையோடு மூன்று பெண்களையும் கூட்டிக்கொண்டு ஆலயத்துக்கு வந்துவிடுவார். முதல் பாட்டுக்கு நிற்பார், ஜெபத்துக்குக் கண்ணை மூடுவார், அதோடு சரி. குறட்டை பாடகர் குழு வரைக்கும் கேட்கும். கிண்டல் செய்தவர்களிடம் அவர் அசராமல் சொல்வார், "ஆறு நாள் ஊரான் வீட்டுக்கு முழிச்சிருக்கேன். ஒரு நாள் எங்கப்பன் வீட்டுல தூங்கறேன். உனக்கென்ன?" அந்தக் குறட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவளுக்கு ஓய்வும் ஆராதனையும் வேறுவேறாகத் தெரியவே இல்லை. ஞாயிறு என்றால் ஆற அமர உட்காருவது. தன்னை யாரும் ஏவாத ஓர் இடத்தில், எல்லாரோடும் சேர்ந்து உட்காருவது.

அதற்குத்தான் சலவைக்கூடத்தில் உலை வைத்தார்கள். புதிதாக ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வேலை வந்தது. இனி ஞாயிறும் ரோலர் ஓடும், முறை வைத்து எல்லாரும் வர வேண்டும் என்றார் சூப்பர்வைசர். முதல் முறையே அக்காவுடையது. அவள் அவருடைய கண்ணாடி அறைக்குப் போய், வேறு எந்த நாள் எந்த ஷிப்டு போட்டாலும் வருகிறேன், விடுமுறை நாளிலும் வருகிறேன், ஞாயிறு மட்டும் கேட்காதீர்கள் என்றாள். அவர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டே சிரித்தார். உங்கள் சபைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று விசாரித்துவிட்டு, "அத்தனை பேர்ல நீ ஒருத்தி வரலைன்னா உங்க சாமிக்குத் தெரியவா போகுது?" என்றார்.

"அவருக்குத் தெரியும் சார். தெரியாட்டியும் எனக்குத் தெரியும்."

இந்த வாய்க்குக் கிடைத்த பரிசு அழுக்கறை. ஆஸ்பத்திரி மூட்டைகளைப் பிரித்து, இரத்தம் தனி, வாந்தி தனி, மருந்துக்கறை தனி என்று பிரிக்கும் அறை அது. விரிப்புக்குள் ஊசி சிக்கியிருக்கும், கரண்டி இருக்கும், ஒருமுறை யாருடைய பல் செட்டோ இருந்தது. புது ஆட்களைத்தான் அங்கே போடுவார்கள், அவர்களும் வாரத்தில் ஓடிவிடுவார்கள். அக்கா ஓடவில்லை. சோப்பை எவ்வளவு தேய்த்தாலும் அந்த வாடை முடிக்குள் இருக்கும். பேருந்தில் பக்கத்து இருக்கை தானாகக் காலியாகும். இருக்கட்டும், கால் நீட்டிக்கொள்ளலாம் என்று கணவரிடம் சொல்லிவிட்டு அதற்கப்புறம் குளியலறையில் கொஞ்சம் அழுவாள். ஆனால் ஒரு ஞாயிறும் அவள் கூடத்துக்கு வரவில்லை. இரண்டு வருடம் போனதும் அலுத்துப்போனது சூப்பர்வைசர்தான். ஒரு திங்கட்கிழமை ரோலரைக் கையால் காட்டினார். அவள் போய் நின்றாள். எதிர்மூலையில் ஒல்லி புருவத்தைத் தூக்கி, ஜெயிச்சுட்டே என்றாள்.

ஜெயித்தது உண்மை. ஆனால் ஜெயித்ததை என்ன செய்தாள் என்றால், கொண்டுபோய் ஆலயத்துச் சமையலறையில் வைத்தாள்.

அது நடந்த விதம் இப்படி. ஆலயத்துக்குப் பின்னால் ஒரு கூடம் கட்டினார்கள். ஆராதனை முடிந்து எல்லாரும் அங்கே கூடி ஒரு டீ குடித்தால் ஐக்கியம் வளரும் என்று கமிட்டியில் யாருக்கோ தோன்றியது. நல்ல எண்ணம்தான். முதல் ஞாயிறு டீ கொண்டுவர வேண்டிய கடைக்காரர் வரவில்லை. பெண்கள் சங்கத் தலைவி, ஓய்வு பெற்ற தலைமையாசிரியை, பெஞ்சு பெஞ்சாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்து அக்காவின் தோளைத் தொட்டார். இன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும் என்றார். இந்த உலகத்தில் பெண்களின் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கும் முக்கால்வாசி வேலைகள் இந்த ஒரு சொல்லில்தான் ஏறியிருக்கின்றன. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்பது தெரியாதவளா அவள்? தெரியும். ஆனால் அது சூப்பர்வைசருக்கான பழமொழி, தலைமையாசிரியம்மாவுக்கானதல்ல என்று நினைத்துவிட்டாள்.

அன்றிலிருந்து பிரசங்கம் முக்கால்வாசி ஆகும்போது அவள் எழுந்து பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விடுவாள். இருநூறு பேருக்கான டீக்கு அப்போதே அடுப்பேற்றினால்தான் சரியாக இருக்கும். பிரசங்கத்தின் கடைசிக் கால்வாசி, காணிக்கைப் பாட்டு, மன்றாட்டு ஜெபம், எல்லாவற்றுக்கும் மேல் போதகர் இரண்டு கையையும் தூக்கிக் கூறும் ஆசீர்வாதம், எதுவும் அவளுக்குக் கிடையாது. அங்கே போதகர் கையைத் தூக்கும் நேரத்தில் இங்கே அவள் டீ தேக்சாவைத் தூக்குவாள். பிறகு ஊற்று, நீட்டு, கோப்பை பொறுக்கு, கழுவு, துடை, பூட்டு. வீடு வந்து சேரும்போது பக்கத்து வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியே எழுந்திருப்பார்கள்.

கணவர் லிப்ட் மெக்கானிக். நல்ல மனிதர், ஞாயிறு காணிக்கைப் பை பிடிப்பவர். டீ அக்காவின் வீட்டுக்காரர் என்பதால் அவருக்கு எப்போதும் முதல் கோப்பை. என்னைக்காவது அவள் முணுமுணுத்தால், "உனக்கும் சேர்த்து நானே ஆசீர்வாதம் வாங்கிட்டேன், விடு" என்பார். அவளும் சிரித்துக்கொள்வாள். வருடங்கள் அப்படித்தான் போயின, சிரித்துக்கொண்டே.

அதைக் கெடுத்தவள் ஒல்லி. அவளும் வேதம் படித்த வீட்டில் பிறந்தவள்தான். சலவைக்கூடத்துக்கு வந்தபிறகு ஞாயிறு போனது, ஞாயிறோடு ஆலயமும் போனது. அக்காவைப் பார்த்துப் பார்த்து அவளுக்கும் ரோஷம் வந்து, ஒருநாள் கண்ணாடி அறைக்குப் போய் எனக்கும் ஞாயிறு வேண்டும் என்றாள். சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டார், ஆனால் கொடுத்துவிட்டார். இன்னொருத்தியை இரண்டு வருடம் அழுக்கறையில் வைத்து வேடிக்கை பார்க்க அவருக்குத் தெம்பில்லை. அந்த ஞாயிறு ஒல்லி இஸ்திரி போட்ட புடவையில் வந்தாள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. முன்பக்கமாக உட்கார வைத்து, பாட்டுப் புத்தகத்தை அவளே எடுத்துக் கையில் கொடுத்தாள்.

பிரசங்கம் முக்கால்வாசி ஆனது. அக்கா எழுந்தாள். ஒல்லியும் எழுந்தாள். ஒருத்தி நகர்ந்தால் மற்றவளும் நகர்வது அவர்களுக்கு ரோலர் பழக்கம், யோசிக்கவே இல்லை. கதவைத் தாண்டி, அடுப்புக்கு முன்னால் நின்றபிறகுதான் ஒல்லி சுற்றுமுற்றும் பார்த்தாள். அதற்குள் தலைமையாசிரியம்மா எட்டிப் பார்த்து, இன்னொரு கையும் கிடைத்துவிட்டதா, ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டுப் போனார். இருவரும் கடைசிக் கோப்பையைக் கழுவி முடித்தபோது ஆலயத்தில் ஒரு ஈ காக்கைகூட இல்லை. ஒல்லி நனைந்த புடவை முனையைப் பிழிந்துகொண்டே பேருந்து நிறுத்தம் வரைக்கும் நடந்தாள். 

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. திங்களன்று சாப்பாட்டு இடைவேளையில் அக்கா கேட்டாள், உடம்புக்கு என்ன என்று. உடம்புக்கு ஒன்றுமில்லை, நேற்று இங்கே வேலைக்கு வந்தேன், இனி ஞாயிறும் வருவதாகச் சொல்லிவிட்டேன் என்றாள் ஒல்லி. அக்காவுக்குக் கையில் இருந்த உருண்டை வாய்க்குப் போகவில்லை. ஏன் என்றாள்.

"ஞாயித்துக்கிழமையும் நின்னுக்கிட்டே வேலை செய்யறதுன்னா, அதுக்கு இங்கேயே வரலாமே அக்கா. இங்கயாவது கூலி உண்டு." பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த இரத்தத் துணியெல்லாம் நீ இதுக்கா பிரிச்சே?" என்றாள்.

அக்காவுக்கு முதலில் வந்தது கோபம், ஒல்லியின் மேல். சாயங்காலத்துக்குள் அது திசை மாறி, போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. தனக்கு நேர்ந்ததைக்கூட அவள் தாங்கியிருப்பாள், அது பழகிவிட்டது. தன்னைப் பார்த்து ஞாயிறைக் கேட்டு வாங்கிய ஒருத்தி, தன் ஆலயத்தைப் பார்த்துவிட்டு அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாளே என்பதுதான் தாங்கவில்லை. சூப்பர்வைசர் ஒல்லியைத் தோற்கடிக்கவில்லை. தேக்சாவும் கோப்பையும் தோற்கடித்தன.

அவள் மறைவாக ஒன்றும் செய்யவில்லை. புதன்கிழமை வேலை முடிந்து நேரே தலைமையாசிரியம்மாவின் வீட்டுக்குப் போய், வருகிற ஞாயிறு முதல் டீ போட மாட்டேன் என்றாள். அந்த அம்மாள் முதலில் காய்ச்சலா என்றார். பிறகு உதவிக்கு ஆள் வேண்டுமா என்றார். இரண்டும் இல்லை என்றதும் குரல் வகுப்பறைக்குப் போய்விட்டது. ஊழியம் என்பது எல்லாருக்கும் கிடைக்காது, ஆண்டவர் பார்த்து உன்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார், அதை உதறுவது நல்லதல்ல என்றார்.

"அவர் என்னைக் கூப்பிட்டது வந்து உக்காரும்மான்னு. டீ போடச் சொன்னது நீங்க."

தலைமையாசிரியம்மா அதைக் கோபத்தில் சொன்னதாக எடுத்துக்கொண்டார். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று நம்பி, வேறு ஏற்பாடு எதுவும் செய்யவில்லை. அவள் நிஜமாகவே செய்வாள் என்று கணவரும் முழுசாக நம்பவில்லை. அவள் எழுந்திருக்கவில்லையென்றால் தனக்கு என்னென்ன பேச்சு வரும் என்று மட்டும் சனிக்கிழமை முழுக்கக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிறு வந்தது. அக்கா இரண்டாவது பெஞ்சில், சுவரோரமாக அல்ல, நட்ட நடுவில் உட்கார்ந்தாள். அன்றைய பிரசங்கம் பொறுமையைப் பற்றி. போதகர் நன்றாகத்தான் பேசினார். முக்கால்வாசி ஆனது. பழக்கத்தில் அவளுடைய கால் தரையைத் தேடியது. அதை இழுத்து மடித்து மற்றக் காலுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் ஒரு விசித்திரம் நடந்தது. பிரசங்கம் முடியவில்லை. ஆலயத்துச் சுவர்க்கடிகாரம் போதகருக்கு முதுகுப் பக்கம். கைக்கடிகாரத்தைப் பார்ப்பது அழகல்ல என்பது அவர் கொள்கை. இத்தனை வருடமாக அவருக்குக் கடிகாரம் டீ அக்காதான். அவள் எழுந்து கதவைத் தாண்டினால் இன்னும் கொஞ்சம் பேசி முடித்துவிட வேண்டும் என்பது அவர் மனதுக்குள் வைத்திருந்த கணக்கு. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, அவளிடமும்தான். இன்று அவள் எழவில்லை. ஆகவே நேரம் ஆகவில்லை. அவர் பொறுமையின் அடுத்த கிளைக்கு ஏறினார். அங்கிருந்து இன்னொரு கிளைக்கு. சொன்ன உதாரணத்தையே வேறு சட்டை போட்டுக் கொண்டுவந்தார். குழந்தைகள் பெஞ்சுக்கடியில் இறங்கின. பெரியவர்களில் சிலர் அக்காவின் பின்னங்கழுத்தைப் பார்த்தார்கள், கொஞ்ச நேரத்தில் எல்லாருமே பார்த்தார்கள். அவள் எழுந்தால் போதும், இருநூறு பேருக்கும் விடுதலை.

தலைமையாசிரியம்மா குனிந்தபடி வந்து காதருகில், பால் காயவே நேரம் பிடிக்குமே என்றார். ஐயா இன்னும் முடிக்கவில்லையே அம்மா என்றாள் அக்கா, கண்ணைப் போதகரிடமிருந்து எடுக்காமல். காணிக்கைப் பையோடு தயாராக நின்ற கணவர் மூன்றுமுறை இருமினார். நான்காவது இருமலுக்கு அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். இருமல் நின்றுவிட்டது.

கடைசியில் போதகருக்கே சொல் தீர்ந்தது. அவர் நிறுத்தி, நேராக அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். எழுந்திருக்க மாட்டாள் என்பது அவருக்கு அந்த நிமிடத்தில்தான் புரிந்திருக்க வேண்டும். முகம் சிவந்துபோய், ஆமென் என்றார். காணிக்கைப் பாட்டு வந்தது. அதில் மூன்றாவது சரணம் அவளுக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர்களின் வாயைப் பார்த்துப் பாடினாள். மன்றாட்டு ஜெபம் வந்தது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். போதகர் இரண்டு கையையும் தூக்கினார்.

அது எவ்வளவு சின்னது என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது. சமாதானம் உங்களோடு இருக்கட்டும் என்பதோடு முடிந்துவிடுகிறது, அவ்வளவுதான், ஒரு விரிப்பை மடிக்கிற நேரம்கூட இல்லை. அவள் அழுவாள் என்று பார்த்தவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை, உச்சந்தலை வரைக்கும் கோபம்தான் வந்தது. இவ்வளவு சின்ன ஒன்றைக்கூட இத்தனை வருடமாக இத்தனை பேரில் ஒருவருக்கும் எனக்கு விட்டுவைக்கத் தோன்றவில்லையே என்று நினைத்தாள். அந்தக் கோபத்தோடேயே இரண்டு கையையும் ஏந்தி அதை வாங்கிக்கொண்டாள். ஆண்டவரிடம் கோபமாக நின்று வாங்கினாலும் குறைத்துக் கொடுக்க மாட்டார் என்ற நம்பிக்கை அவளுக்கு இருந்தது.

கூடத்தில் ஒரே குழப்பம். கவிழ்த்து வைத்த கோப்பைகளைச் சுற்றி, பேருந்தைத் தவறவிட்டவர்கள் மாதிரி நின்றார்கள். கையில் டீ இல்லாமல் ஒருவரோடொருவர் என்ன பேசுவது என்று தெரியவில்லை. முறை வைத்துக்கொள்ளலாம் என்று கமிட்டிக்காரர் ஒருவர் வழி சொன்னார், மூன்று பெயரையும் அங்கேயே சொன்னார். மூன்றும் பெண்கள். வீட்டு வேலைக்குப் போகும் ஒருத்தி, சின்னக் குழந்தைக்காரி ஒருத்தி, ஒரு விதவை. அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ச் சமையலறைக் கதவை இழுத்துப் பார்த்தாள். பூட்டித்தான் இருந்தது. இத்தனை வருடமும் தன்னிடமே இருந்த சாவியை எல்லார் முன்னாலும் காட்டி, கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"யார் முறையா இருந்தாலும் இந்தக் கதவு ஆசீர்வாதத்துக்கு முன்னாடி திறக்காது. அப்புறம் யாருக்கு வேணுமோ அவங்க வந்து சாவி கேளுங்க. தர்றேன்."

போதகர் வாசல்வரைக்கும் பின்னாலேயே வந்தார். உங்களைப் பார்த்துத்தான் இத்தனை நாளும் பிரசங்கத்தை முடித்தேன் என்றார். இந்தம்மா எங்கே போகிறார்கள், எதை விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று ஒரு நாளும் கேட்கத் தோன்றவில்லை என்றார். குரல் உடைந்திருந்தது. வேறொரு நாளாக இருந்தால், பரவாயில்லை ஐயா என்று அவளே தேற்றியிருப்பாள்.

"ஆமா ஐயா. கேக்கலை," என்றாள்.

வீட்டுக்கு வந்து, காலையிலேயே ஆக்கி வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, பட்டப்பகலில் மின்விசிறிக்குக் கீழே கால் நீட்டிப் படுத்தாள். கணவர் வாசற்படியில் நின்று, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். சரியாகத்தான் இருக்கிறது, அதனால்தான் படுத்திருக்கிறேன் என்றாள். அவர் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார். குழாய்ச் சத்தம் கேட்டது. நான்கு மணி வரைக்கும் தூங்கினாள். குறட்டை விட்டதாக அவர் பிறகு சொன்னார்.

திங்களன்று ரோலர் வழக்கம்போல ஓடியது. ஒல்லியின் கண்ணுக்குக் கீழே கருவளையம். ஞாயிறு முழுக்க நின்றிருக்கிறாள். உதறி, மடித்து, மூலையைக் கொடுக்க எதிரே நடந்து வந்தபோது அக்கா அதைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டாள். பின்னால் அடுத்த விரிப்பு வந்து விழுந்தது, அதன்மேல் இன்னொன்று. கண்ணாடி அறையில் சூப்பர்வைசர் எழுந்து நின்றார். புருவத்தால் சொல்லும் விஷயமல்ல இது. சத்தத்துக்கு மேல் கத்த வேண்டியிருந்தது.

"வர்ற ஞாயிறு வா. டீ கிடையாது."

"அப்புறம் என்ன இருக்கு?" என்றாள் ஒல்லி.

"உக்கார இடம் இருக்கு."